முதுகு காட்டி ஏறிய வண்டி

மலை நிமிரத் தொடங்கியது எந்த வருஷம் என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. நிமிர்ந்தது என்பதில் கட்சி கிடையாது. பஸ்ஸை நிறுத்திய வருஷம்தான் என்பார்கள் கடைவீதிக்காரர்கள். அதெல்லாம் இல்லை, அதற்கும் முன்னால், பால்காரர் சைக்கிளோடு மல்லாந்த அன்றே அது எழுந்திருக்க ஆரம்பித்துவிட்டது என்பார்கள் உச்சித்தெருக்காரர்கள். தரையில் உட்கார்ந்திருந்த ஆள் கையை ஊன்றி எழுந்திருப்பதுபோல, அவசரமே இல்லாமல் எழுந்தது. அதிலும் ஒரு வம்பு பாருங்கள்: ஏறுகிறவர்களுக்கு மட்டும்தான் எழுந்தது. இறங்குகிறவர்களுக்கு அதே பழைய மலை, அதே பழைய சாலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடியே இறங்கலாம். இறங்கி, கடைவீதியில் சோப்பும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு திரும்பினால், வந்த வழி சுவர் மாதிரி நிற்கும். முதலில் பஸ் நின்றது, அப்புறம் லாரி, அப்புறம் மோட்டார் சைக்கிள். கடைசியில் பாறையில் இரும்பு வளையங்களை அடித்து, அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் ஏறினார்கள். உடம்பில் தெம்பு இருந்தால் ஆள் ஏறலாம், முதுகில் ஒரு பையும் கொண்டுபோகலாம். அரிசி மூட்டை ஏறாது, சிலிண்டர் ஏறாது, காய்ச்சல்காரர் ஏற மாட்டார்.

சாலைத் துறையிலிருந்து அளக்க வந்தார்கள். வளையங்களைப் பிடித்து முக்கி முனகி மேலே போய், அங்கிருந்து அளந்துகொண்டே இறங்கினார்கள். எல்லா அளவும் சரியாக இருந்தது. கீழிருந்து அளக்கப் பார்த்தபோது முக்காலியில் வைத்த கருவி மல்லாந்து விழுந்து கண்ணாடி உடைந்தது. இறக்கம் நல்ல நிலையில் இருக்கிறது, ஏற்றத்தில்தான் குறை என்று எழுதினார்கள். ஏற்றத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு இல்லாததால் விஷயத்தைக் கிடப்பில் போட்டார்கள்.

இவ்வளவு அமளியிலும் உச்சித்தெருவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரே வண்டி ஹாரனுடைய பிக்கப். ஹாரன் என்பது ஒரு பெண். வளைவுக்கு வளைவு ஹாரனை அழுத்திக்கொண்டே வருவாள், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தம் வந்து சேரும். வாயைத் திறந்தாலும் அதே சுருதிதான். அதனால் அந்தப் பெயர். அவளுடையது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய வண்டி. கியர் போடும் குச்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குட்டைக் குச்சி இருக்கும். அதை இழுத்தால் ஓட்டம் பாதியாகும், இழுவை இரண்டு பங்காகும். லாரிக்காரர்கள் கை கழுவிய பிறகும் அந்தக் குட்டைக் குச்சியின் புண்ணியத்தில் அவள் ஏறினாள். மலையும் விடுவதாக இல்லை. ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால், பாதி வழியில் சாலை பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில், கழுத்து வளைவு என்று அதைச் சொல்வார்கள், இன்ஜின் திணறி நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பிக் காற்றில் சுற்றின. அன்றிலிருந்து மூட்டைகளைக் கழுத்து வளைவில் இறக்கி, அங்கிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு எத்தனை நாளைக்கு?

அவளுடைய வீடு உச்சித்தெருவின் கடைசி வீடு. வாசல் பக்க அறையில் அவள் கணவர் தையல் கடை வைத்திருந்தார். ஒரு விபத்தில் வலது கால் நொறுங்கி, உள்ளே கம்பி வைத்ததில் முழங்கால் மடங்காமல் போய்விட்டது. மோட்டார் வைத்த மெஷினில் உட்கார்ந்து அவர் பாட்டுக்குத் தைப்பார். கத்தரிக்கோலும் வாயும் சேர்ந்தே ஓடும். வளையம் பிடித்து ஏற அந்தக் கால் உதவாது. சனங்கள் ஒவ்வொருவராகக் கீழே குடிபோகத் தொடங்கியபோது, நாமும் போய்விடலாமா என்று ஹாரன் ஒரு தடவை கேட்டாள். கேட்டதும் தனக்கே பிடிக்கவில்லை. அவர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "இறங்குறது பெரிய விஷயமில்ல. நான் இறங்கினா இறங்கினதுதான்" என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

அப்புறம்தான் அளவையாளர் வந்தார். குடியிருப்புத் துறையிலிருந்து வந்த, வயிற்றுக் கோளாறு உள்ள, சாதுவான மனிதர். கழுத்து வளைவுவரை ஹாரனின் பிக்கப்பில் வந்து, மீதி வழியை வளையத்தில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே உத்தரவைப் படித்தார். வாகனம் வராத இடம் குடியிருப்பு ஆகாதாம். மழை தொடங்குவதற்குள் ஏதாவது ஒரு வண்டி, சரக்கோடு, தன் சொந்த இழுவையில் உச்சித்தெருவுக்கு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் கரண்டும் தண்ணீர்க் குழாயும் துண்டிக்கப்படும், மிச்சம் இருப்பவர்களுக்குக் கீழே அடுக்குக் கட்டடத்தில் ஆளுக்கு ஓர் அறை தரப்படும். அந்த அறைகளை ஹாரன் பார்த்திருக்கிறாள். கட்டில் போட்டால் மெஷின் போட முடியாது, மெஷின் போட்டால் கட்டில் போட முடியாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் மூக்கில் இடிக்கும். செங்கல் சுமந்து, கடன்காரனிடம் பேச்சு வாங்கிக் கட்டிய வீட்டை விட்டுவிட்டு, மடங்காத காலோடு இருக்கிற மனிதரை அந்தப் பெட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்துவதா? அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் வீட்டுக்கு நான் போவதற்கு இந்த மலை யார், இந்தத் துறை யார், ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று தெரு கேட்கச் சொன்னாள். தெரு என்ன, கடைவீதி வரைக்கும் கேட்டது.

வழி என்னவென்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் குட்டைக் குச்சிக்குக் கீழே, இழுவையைக் கூட்டும் பெட்டி வண்டியில் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொன்றைக் கோத்துவிட்டால், குறைத்த ஓட்டத்தை மறுபடியும் குறைக்கலாம், கூடிய இழுவையை மறுபடியும் கூட்டலாம். பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த அதே ரக வண்டியிலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றி வாங்கியும் வந்துவிட்டாள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அதைப் பொருத்தக்கூடிய ஒரே மெக்கானிக் அவளுடைய அண்ணன். அண்ணனோடு அவள் பேசுவதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாப்பிள்ளை தையல்காரர் என்று தெரிந்ததும் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார்: ஊசியில் நூல் கோக்கவே இரண்டு தடவை எச்சில் தொட்டுக்கொள்கிற ஆள், குடும்பத்தை எப்படி இழுப்பான்? அவ்வளவுதான். வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் தன் வண்டியில் வேறொருவர் ஸ்பேனர் வைப்பதை அவள் சகிக்க மாட்டாள், அவள் வண்டி வேறு பட்டறைக்குப் போவதை அவரும் பொறுக்க மாட்டார். ஆகவே இருவரும் வண்டியோடு பேசிக்கொண்டார்கள். கிளட்ச் வழுக்குகிறது என்று அவள் ஸ்டியரிங்கிடம் சொல்லுவாள். ஆளைச் சொல்லணும், கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் வழுக்காமல் என்ன செய்யும் என்று அவர் பேனட்டிடம் சொல்லுவார். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது; யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பெட்டியைப் பார்த்த அண்ணன் வாயைக் குவித்துக்கொண்டார். அவருக்கு வேலை பிடித்துவிட்டால் அப்படித்தான் செய்வார். சேஸிஸுக்கு அடியில் இடம் போதாது. கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை அறுத்துப் பின்னால் தள்ளிப் பற்றவைக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் குட்டையாக்கி, முன்சக்கரங்களுக்குப் போவதை நீளமாக்க வேண்டும். அதை லேத் பட்டறையில் சொல்லிச் செய்தார். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வைக்க விரல் தடிமன் இரும்புத் தட்டை வெட்டி, போல்ட் துளைகள் அடித்தார். ஓட்டுகிறவரின் காலடியில் தகரத்தை வெட்டி மூன்றாவது குச்சிக்கு வழி செய்தார். ஹாரன் பக்கத்திலேயே நின்று எதை எடுக்க வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள். ஜாக்கியை ஏற்றினாள், ஆயில் சீல்களுக்குக் கிரீஸ் தடவினாள், பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவினாள். இருவர் கையும் ஒரே மாதிரி நடந்தது. வாய்தான் இன்னமும் வண்டியோடு நடந்தது.

புதுப் பெட்டிக்குள் மூன்று பல்சக்கரங்கள் வரிசையாக இருந்தன. நடுவில் இருந்த சக்கரத்தின் பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன, மாற்றுச் சக்கரமும் எங்கேயும் கிடைக்கவில்லை. அண்ணன் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, இதை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் நெருக்கிவைத்துவிடலாமா, பெட்டியும் கச்சிதமாக உட்காரும், உங்கம்மாவைக் கேட்டுச் சொல்லு என்று வண்டியிடம் சொன்னார். அன்று காலையில்தான் அவர் பேச்சோடு பேச்சாக அவள் கணவரை 'அந்த ஆளு' என்று சொல்லியிருந்தார். ஹாரன் கொதித்துக்கொண்டிருந்தாள். எடுக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன என்று கதவிடம் சொன்னாள். நடுச் சக்கரத்தை எடுத்தால் சுழற்சி தலைகீழாகும் என்பது பல்சக்கரத்தைத் தொட்டவர்கள் யாருக்கும் தெரியும். அண்ணனுக்குத் தெரியும், அவளே சொல்லட்டும் என்று இருந்தார். அவளுக்கும் தெரியும், அவரே சொல்லட்டும் என்று இருந்தாள். யார் முதலில் நேராக வாயைத் திறப்பது என்ற அந்த வீம்பில் பெட்டியை மூடி, ஆயில் ஊற்றி, போல்ட்டுகளை இறுக்கிவிட்டார்கள்.

மூன்றாவது குச்சியை இழுத்து முதல் கியரைப் போட்டதும் வண்டி பின்னால் போனது. எவ்வளவு மெதுவாக என்றால், சக்கரம் சுற்றுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றடைக்கும் மூடி சற்றுமுன் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பின்னால் பட்டறைச் சுவர். அதில் மாட்டியிருந்த கடிகாரத்தையும் காலண்டரையும் கழற்றி மேஜைமேல் வைக்கவும், சுவருக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பக்கத்துக் கடைக்காரரை எழுப்பிவிடவும் நேரம் இருந்தது. வண்டி சுவரைத் தொட்டது. சுவர் இடியவில்லை, விரிசல் விடவில்லை. ஜன்னலும் சுவிட்ச் போர்டுமாக அப்படியே நகர்ந்து அடுத்த மனைக்குள் ஓர் ஆள் நீளம் போய் நின்றது. அன்றிலிருந்து பட்டறை அந்த அளவுக்குப் பெரியது. பக்கத்துக் கடைக்காரர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தன் சுவரையும் எதிர்ப்பக்கம் நகர்த்தித் தரச் சொல்லிக் கேட்டார், செய்து கொடுத்தார்கள்.

பெட்டியை மறுபடி பிரிக்க வேண்டும் என்றார் அண்ணன், வண்டியிடம். மேகம் கூடிக்கொண்டிருந்தது. அளவையாளர் மறுநாள் காலையில் வருவதாகத் தகவல் வந்திருந்தது. ஹாரன் கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்தாள். கழுத்து வளைவில் முன்சக்கரங்கள் காற்றில் சுற்றியதை நினைத்தாள். பிக்கப்பின் கனமெல்லாம் இன்ஜினில், இன்ஜின் முன்னால். நிமிர்ந்த மலையில் முகத்தை மேலே வைத்து ஏறினால் வண்டி மல்லாந்துவிடும். முகத்தைக் கீழே வைத்துக்கொண்டு முதுகால் ஏறினால்? கனம் கீழே இருக்கும், எதுவும் எழும்பாது. பிரிக்க வேண்டாம், பின்பக்கமாகவே போகிறேன், போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவள் வண்டியிடம் சொன்னாள். அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, தான் அதற்காகத்தான் நடுச் சக்கரத்தை எடுத்ததாக டயரிடம் சொன்னார். டயர் நம்பியிருக்கலாம்.

காலையில் அரிசி மூட்டைகளையும் சிலிண்டர்களையும் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கினார்கள். அடிவாரத்தில் ஹாரன் வண்டியைத் திருப்பி, மலைக்கு முதுகைக் காட்டி நிறுத்தினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், இவள் ஓடிப்போகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அளவையாளர் தன் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கிளம்புகிற நேரத்தில், யாரும் கூப்பிடாமலே, அண்ணன் பேனட்மேல் ஏறி, முன்பக்கக் கம்பியில் காலை ஊன்றிக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார். சரக்கு மறைப்பதால் அவளுக்குப் பின்னால் தெரியாது. அவர் வண்டிக் கூரைக்கு மேலாகச் சாலையைப் பார்த்து, கையால் இடம் வலம் காட்ட வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு விளைவு இருந்தது. அத்தனை வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காலம் தள்ளியவர்கள், ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, வழி முழுக்க முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டே போக வேண்டியதாயிற்று. அவருக்குக் காதோரம் முழுக்க நரைத்திருப்பதை அவள் அன்றுதான் கவனித்தாள்.

மலை எழ எழ அண்ணன் உட்கார்ந்த நிலையிலிருந்து தானாகவே நின்ற நிலைக்கு வந்தார். கழுத்து வளைவில் சாலை செங்குத்தாக நின்றபோது முன்பக்கக் கம்பி அவருக்குத் தரை ஆகிவிட்டது, பேனட் சுவர் ஆகிவிட்டது. அதில் நெஞ்சைச் சாய்த்து, தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக் கை காட்டினார். உள்ளே இருவரும் சீட் பெல்ட்டில் தொங்கினார்கள். அளவையாளரின் பேனா, பைல், மாத்திரை டப்பா எல்லாம் கண்ணாடியில் போய் விழுந்து கிடந்தன. கண்ணாடிக்கு வெளியே, அண்ணனின் தோளுக்கு மேலாக, கடைவீதியின் கூரைகள் நேர் கீழே தெரிந்தன. வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் பால்காரர் சைக்கிளில் மேலிருந்து இறங்கி வந்தார். இறங்குகிறவருக்கு மலை பழைய மலைதானே. மணி அடித்துப் பார்த்தார், வழி கிடைக்கவில்லை. ஒரு காலை ஊன்றி நின்று, வண்டி பிரேக்டவுனா என்று அண்ணனிடம் விசாரித்தார். இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறது என்றார் அண்ணன், பேனட்டில் சாய்ந்தபடி. பால்காரர் சக்கரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஓ என்று சொல்லி, ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

பால்காரர் சாவகாசமாக நடந்து போனதைப் பார்த்ததும்தான் அளவையாளருக்கு நடுக்கம் வந்தது. அவர் கீழே பார்த்தார், பார்த்திருக்கக் கூடாது. பிரேக், பிரேக் என்று அலறி ஹாரனின் கையைப் பிடித்துக்கொண்டார். அலறல் கேட்டால் கால் தன் பழக்கத்துக்குத்தானே போகும். அவள் கால் கிளட்ச்சுக்குப் போனது. கிளட்ச்சை மிதித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடி அறுந்துவிடும். அரிசி, சிலிண்டர், துறை, அண்ணன், தங்கை எல்லாம் ஒன்றாகக் கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அண்ணன் அந்தக் காலைப் பார்த்தார். வண்டியிடம் சொல்லி, வண்டி அவளிடம் சொல்ல, அதற்கெல்லாம் நேரம் இல்லை. கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

"பாப்பா, எதையும் மிதிக்காத. காலைத் தூக்கி மேல வெச்சுக்க. அது தானா போகும்."

சின்ன வயதில் அவளை அவர் கூப்பிட்ட பேர் அது. ஹாரன் காலை எடுத்தாள். இரண்டு கால்களையும் தூக்கி டேஷ்போர்டில் ஊன்றி, ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டாள். வண்டி தானாகப் போனது. நின்றுகொண்டிருந்த மலையின்மேல், யாரும் எதையும் மிதிக்காமல், பல்லுக்குப் பல்லாக, பின்பக்கமாகப் போனது. அவள் அழுதாள், முகம் கீழே பார்த்திருந்ததால் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் நேராகக் கண்ணாடியில் போய் விழுந்தது. அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இடம் வலம் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, கையை இறக்காமலே கேட்டார்.

"மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"

"மேல வந்து நீயே கேளு" என்றாள் ஹாரன்.

உச்சித்தெருவில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் சாலை முனையில் கூடியிருந்தார்கள். முதலில் விளிம்புக்கு மேலே பின்விளக்குகள் தெரிந்தன. அப்புறம் தார்ப்பாய், அப்புறம் கூரை, கடைசியில் பேனட்டில் ஒட்டிக்கொண்டு அண்ணன். அளவையாளரைக் கைத்தாங்கலாக இறக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தையல்காரர் தடியை ஊன்றி வந்து, மச்சானை மேலும் கீழும் பார்த்தார். பேனட்டில் உரசி அண்ணனின் சட்டை முழங்கையில் கிழிந்திருந்தது. போன வாரம் வந்து போனவரைப் பார்த்ததுபோல, "வாங்க மச்சான். சட்டையைக் கழட்டிக் குடுங்க" என்றார். வாசல் அறையில் பனியனோடு உட்கார்ந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் நூலை எச்சிலில் தொட்டார், ஊசிக்காது அகப்படவில்லை, மறுபடியும் தொட்டார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அளவையாளர் பொய் எழுதவில்லை. வண்டி வந்தது, சரக்கோடு வந்தது, நான் அதில் இருந்தேன் என்று எழுதி அனுப்பினார். துறை அதைப் படித்துவிட்டுப் பதில் அனுப்பியது. வண்டியின் முகம் கீழ்நோக்கி இருந்திருக்கிறது. முகம் கீழ்நோக்கி இருக்கும் வண்டி இறங்கும் வண்டி. ஆகவே உச்சித்தெருவுக்கு எந்த வாகனமும் ஏறவில்லை, அங்கிருந்து ஒன்று இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கரண்டைத் துண்டிக்க லைன்மேன்கள் இருவரை அனுப்புகிறோம். அதைத் தெருவில் வைத்துப் படித்துக் காட்டினார்கள். ஹாரன் மட்டும் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது. பக்கத்தில் நின்றவர்கள் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

லைன்மேன்கள் அடிவாரத்துக்கு வந்து மலையைப் பார்த்தார்கள். ஏணி இருக்கிறது, கம்பி வெட்டும் கட்டர் இருக்கிறது, கயிற்றுச் சுருள் இருக்கிறது. வளையத்தைப் பிடித்து அவ்வளவையும் ஏற்ற முடியாது. மேலே போக என்ன வழி என்று கடைவீதியில் கேட்டார்கள். கடைவீதி ஹாரனின் பிக்கப்பைக் காட்டியது. ஏத்திட்டுப் போக மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம், எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவள் ஏணியை வாங்கித் தன் கையாலேயே கட்டினாள். லைன்மேன்களை உள்ளே உட்கார வைத்து பெல்ட்டை இறுக்கினாள், அண்ணன் முன்பக்கக் கம்பியில் ஏறிக்கொண்டார், வண்டி மலைக்கு முதுகைக் காட்டி ஏறியது. உச்சித்தெருவில் அவர்களை இறக்கி, ஏணியை அவிழ்த்து, தன் வீட்டுக்கு முன்னால் இருந்த கம்பத்திலேயே சாத்திக் கொடுத்தாள்.

"வெட்டுங்க. வெட்டுறதுக்கு முன்னால கையில இருக்கற காகிதத்தைச் சத்தமா ஒரு தடவை படிச்சிடுங்க. இந்தத் தெருவுக்கு வண்டி வராதுன்னு அதுல எழுதியிருக்கு. நீங்க எதுல வந்தீங்கன்னும் சொல்லிடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

லைன்மேன்களில் பெரியவர் காகிதத்தைப் பிரித்தார். ஒரு வரி படித்தார். தொண்டையைச் செருமினார். ஏணியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வீட்டு வாசல்களில் நின்றவர்களைப் பார்த்தார். ஏணி சாத்திய கம்பத்துக்கு எதிரே, அறைக்குள், தையல்காரர் தலையைத் தூக்காமல் மோட்டாரை ஓடவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் இருப்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. பெரியவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது, வந்ததற்கு அதை மாற்றிவிட்டுப் போகிறோம் என்றார். மாற்றினார்கள். தேநீர் குடித்தார்கள். இறங்கும்போது வண்டி வேண்டாம், நடந்தே போகிறோம் என்றார்கள். இறக்கம் நல்ல நிலையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மலை நிமிர்ந்தது போதாது என்று, செங்குத்தையும் தாண்டிக் கடைவீதிப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. இன்றைக்கு ஏறுகிறவர்களுக்குக் கழுத்து வளைவில் வண்டி தலைகீழாகத்தான் தொங்கும், வானம் காலடியில் இருக்கும். டயர் பிடித்துக்கொள்கிறது. செருப்பைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கயிறு தையல்காரரிடம் கிடைக்கும். சிலிண்டர் வாரம் தவறாமல் போகிறது, காய்ச்சல்காரர்கள் கம்பளியோடு போகிறார்கள். கீழே குடிபோனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள், அடுக்குக் கட்டடத்தின் காலி அறைகளில் துறை தன் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறது. உச்சித்தெரு கைவிடப்பட்ட இடம் என்று துறையிலிருந்து வருஷாவருஷம் ஓர் அறிவிப்பு வரும்; மற்றத் தபால்களோடு சேர்ந்து அதுவும் ஹாரனின் பிக்கப்பில்தான் வரும். அண்ணன் இன்னும் சில வண்டிகளுக்கு மூன்றாவது குச்சி வைத்துக் கொடுத்திருக்கிறார், எல்லாவற்றிலும் நடுச் சக்கரத்தை எடுத்துவிட்டுத்தான். தவறு என்று வெளியூர் மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். இருக்கட்டும் என்கிறார்.

சமீபத்தில் உச்சித்தெருப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்தாள். தெருவிலேயே தங்கப் போகிறவள், பெட்டி படுக்கையோடு முதல் தடவை ஏறினாள். கழுத்து வளைவில் அவளுடைய பின்னல் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, தினமும் இப்படிப் போக உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள். ஹாரன் முதலில் வளைவுக்கு ஹாரன் அடித்தாள்.

"வீட்டுக்குப் போறதுக்கு என்ன பயம்?" என்றாள். "உன் வீடு எது, முன்னாடியே சொல்லிடு. வாசல்லயே இறக்கி விட்டுடறேன்."